சபைன்னா கூட்டமா, கட்டடமா? எக்லேசியாங்கிற வார்த்தை வந்த வழி

எங்க அம்மாச்சி ஞாயித்துக்கிழமை காலைல "கோயிலுக்குப் போயிட்டு வரேன்"னுதான் சொல்லும், கத்தோலிக்க வீட்ல பொறந்து மாதா கோயில் மணிச்சத்தத்துல எந்திரிச்சுப் பழகின ஆளு. மாமா சிஎஸ்ஐல பொண்ணு எடுத்தவரு, அவரு சர்ச்சுக்குப் போறேம்பாரு. சித்தி பெந்தெகொஸ்தே பக்கம் போயி பதினஞ்சு வருஷம் ஆச்சு, "சபைக்குக் கெளம்பிட்டோம்"பாங்க, அந்த சபை நடக்கிறது ஒரு கல்யாண மண்டபத்து மாடில, வாடகைக்கு. மூணு பேரும் போறது ஒரே காரியத்துக்குத்தான், ஆனா வார்த்தை மூணும் மூணு வேர்லேர்ந்து மொளச்சது. கோயில்னா கோ இருக்கிற இல், அதாவது ராஜா வீடு. சர்ச்ங்கிறது 'ஆண்டவருக்குரியது'ன்னு பொருள் வர்ற ஒரு கிரேக்க வார்த்தையோட கொள்ளுப்பேரன். சபைன்னா கூட்டம். இந்த மூணுல புதிய ஏற்பாட்ல உண்மையிலேயே எழுதியிருக்கிற வார்த்தைக்கு ரொம்பப் பக்கத்துல நிக்கிறது சித்தி சொல்றதுதான், அந்த வார்த்தை எக்லேசியா.

எக்லேசியா பத்தி பிரசங்கத்துல கேக்காத கிறிஸ்தவங்க நம்ம ஊர்ல கம்மி. நான் காலேஜ் படிக்கும்போது ஒரு வாலிபர் கூட்டத்துல பாஸ்டர் வெள்ளை போர்டுல அந்த வார்த்தைய ரெண்டா வெட்டி எழுதினாரு, 'எக்'னா வெளியே, 'கலேயோ'ன்னா கூப்பிடறது, ஆக நீங்கல்லாம் இந்த உலகத்துலேர்ந்து வெளியே அழைக்கப்பட்டவங்கன்னு ஒரு பெரிய அம்புக்குறி போட்டாரு, நானும் அத பைபிளோட கடைசிப் பக்கத்துல எழுதி வெச்சுக்கிட்டு ரொம்ப வருஷம் நாலு பேருக்கு எடுத்து விட்டுட்டு இருந்தேன். வெட்டினது தப்பில்ல, வார்த்தை பொறந்தது அப்டித்தான். ஆனா பொறந்த விதம் வேற, ஊர்ல பொழங்கின விதம் வேற. எண்ணெய்ங்கிற வார்த்தைய எடுத்துக்கங்க, எள்ளோட நெய்தான் எண்ணெய், அதுக்காக கடைல தேங்காயெண்ணெய் வாங்கிட்டு வந்து இதுல எள்ளு எங்கடான்னு யாராச்சும் கேப்பாங்களா? அதே மாதிரி எக்லேசியான்னு ஒரு கிரேக்கன் சொன்னப்போ அவன் காதுல 'வெளியே அழைக்கப்பட்டவர்'னு விழல, 'மீட்டிங்'னு விழுந்துச்சு, அவ்ளோதான். இன்னொண்ணு, 'எக்கலேயோ', அதாவது வெளியே கூப்பிடறதுங்கிற அந்த வினைச்சொல் புதிய ஏற்பாட்ல ஒரு எடத்துல கூட வரல, புதிய ஏற்பாட்ல இருக்கிற லெட்டருங்கள்ல பலத எழுதின பவுல் எங்கயும் "எக்லேசியான்னா வெளிய கூப்பிட்டவங்க"ன்னு வெளக்கம் சொல்லவும் இல்ல. வேர்ச்சொல்லத் தோண்டி அதுலேர்ந்து உபதேசம் எடுக்கிற இந்த பழக்கத்த ஜேம்ஸ் பார்னு ஒரு பைபிள் அறிஞர் 1961லயே வெளுத்து வாங்கிட்டாரு, அது இன்னும் நம்ம மேடை வரைக்கும் வந்து சேரல.

அப்ப அந்த மீட்டிங் என்ன மீட்டிங்? அங்கதான் விஷயமே இருக்கு, ஏன்னா அது சாமி சமாச்சாரமே கெடையாது. கி.மு. 5-ஆம், 4-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்ல ஊரோட பொதுக்கூட்டத்துக்குப் பேருதான் எக்லேசியா. அக்ரோபோலிஸ் மலைக்கு மேற்கால ப்னிக்ஸ்னு ஒரு குன்று, பாறைய செதுக்கி மேடை பண்ணி வெச்சிருக்காங்க, அந்த மேடை இன்னைக்கும் அங்க நிக்குது, அதுல ஏறிப் பேசறவன் பேசுவான், கீழ உக்காந்திருக்கிறவன் கையத் தூக்கி ஓட்டுப் போடுவான். போருக்குப் போலாமா வேணாமா, யாரோட ஒப்பந்தம், வரி எவ்ளோ, தளபதி யாரு, எல்லாம் அங்கதான் முடிவாகும். அரிஸ்டாட்டில் காலத்துல வருஷத்துக்கு 40 கூட்டம். சில முக்கியமான முடிவு, உதாரணத்துக்கு வெளியூர்க்காரனுக்கு குடியுரிமை குடுக்கிறதுன்னா 6,000 பேராச்சும் வந்திருக்கணும்.

கூட்டம் சேக்கிறது அப்பவும் கஷ்டந்தான் போல. கி.மு. 425ல அரிஸ்தோபனிஸ் போட்ட ஒரு நாடகத்துல ஒரு விவசாயி காலங்காத்தால வந்து காலியா கெடக்கிற ப்னிக்ஸ்ல தனியா உக்காந்துகிட்டு பொலம்புவான், எல்லாப் பயலும் கீழ சந்தைல நின்னு வாயடிச்சுகிட்டு, செவப்பு கயித்துகிட்ட மாட்டாம அங்கயும் இங்கயும் ஓடிட்டு இருக்கானுங்கன்னு. அந்தக் கயிறு நெஜமாவே இருந்துச்சு, காவிக்கல்லு கொழம்புல நனைச்ச நீளக் கயித்த ரெண்டு பக்கமும் ஆளு புடிச்சுகிட்டு சந்தைலேர்ந்து ஜனங்கள குன்றுப் பக்கமா ஆடு ஓட்டற மாதிரி ஓட்டிட்டு வருவாங்க, துணில செவப்பு கறை பட்டுச்சுன்னா இவன் டிமிக்கி குடுக்கப் பாத்தான்னு அர்த்தம். கி.மு. 400 வாக்குல வர்றவங்களுக்கு காசு குடுக்க ஆரம்பிச்சாங்க, ஓபோல்னு அவங்க ஊர் சின்னக் காசு, மொதல்ல ஒரு ஓபோல், அப்புறம் ரெண்டு, அப்புறம் மூணு. கூட்டத்துக்குக் காசு குடுத்து ஆள் சேக்கிறது நம்ம கண்டுபிடிப்புன்னு நெனச்சிட்டு இருந்தேன், அவங்க சட்டமே போட்டு வெச்சிருக்காங்க.

சாமியே இல்லன்னும் சொல்ல முடியாது, கூட்டம் ஆரம்பிக்கும்போது ஒரு பன்னிக்குட்டிய பலி குடுத்து அத எடத்தச் சுத்தி எடுத்துட்டுப் போயி தீட்டுக் கழிப்பாங்க, ஜெபம் இருக்கும், ஊர ஏமாத்திப் பேசறவன் நாசமாப் போகன்னு சாபமும் இருக்கும், அப்புறம் கட்டியக்காரன் "யாருக்குப் பேசணும்?"னு கேப்பான். ஆனா அந்தக் காலத்துல எதத் தொடங்கினாலும் பூஜையோடதான தொடங்குவாங்க, அதனால எக்லேசியா மத வார்த்தை ஆயிடாது. யாருக்குப் பேசணும்னு கேட்டாலும் பேசக்கூடியவன் ஆம்பள, அதுலயும் ஊர்க் குடிமகன் மட்டுந்தான், பொம்பளைங்க, அடிமைங்க, பொழைக்க வந்த வெளியூர்க்காரங்க யாருக்கும் எடமில்ல. அதே அரிஸ்தோபனிஸ் இன்னொரு நாடகத்துல பொம்பளைங்க ஒட்டு தாடி வெச்சு, புருஷன் துணிய மாட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே எக்லேசியாவுக்குள்ள நொழஞ்சு ஆட்சிய கைல எடுக்கிற மாதிரி காமெடி பண்ணியிருப்பாரு, ஜனங்க சிரிச்சதே அப்படி ஒண்ணு நடக்கவே நடக்காதுன்னு தெரிஞ்சதாலதான். இன்னும் ஒண்ணு கவனிக்கணும், கூட்டம் கலஞ்சு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டா எக்லேசியா முடிஞ்சுது. நடக்கும்போது மட்டும் இருக்கிற ஒரு நிகழ்ச்சியோட பேரு அது, ஒரு சங்கத்தோட பேரு இல்ல.

இப்ப இந்த வார்த்தை பைபிளுக்குள்ள வந்த வழி. கி.மு. 3-ஆம் நூற்றாண்டுலேர்ந்து எகிப்துல அலெக்சாந்திரியாவுல இருந்த யூதங்க தங்களோட எபிரேய வேதத்த கிரேக்கத்துல பெயர்க்க ஆரம்பிச்சாங்க, செப்துவஜிந்துன்னு சொல்றது அதத்தான். எபிரேயத்துல இஸ்ரவேல் ஜனம் மொத்தமா கூடி நிக்கிறதுக்கு 'காஹால்'னு ஒரு வார்த்தை. ஆதியாகமத்துலேர்ந்து எண்ணாகமம் வரைக்கும் பெயர்த்தவங்க அதுக்கு சினகோகேன்னு போட்டாங்க, அதுவும் கூட்டம்னுதான் அர்த்தம், ஆனா உபாகமத்துக்கு வந்தா அதே காஹாலுக்கு எக்லேசியான்னு போட்டிருக்காங்க, சீனாய் மலையடில ஜனங்க நின்னு கடவுள் பேசறதக் கேட்ட அந்த நாளையே 'எக்லேசியா நாள்'னு சொல்லியிருக்காங்க. புதிய ஏற்பாட்ல இயேசுவ நம்பின ஸ்தேவான்னு ஒருத்தரு கல்லெறிபட்டு சாகறதுக்கு முன்னாடி பேசற நீளமான பேச்சுல, பழைய தமிழ் பைபிள்ல மோசேயப் பத்தி "வனாந்தரத்திலே சபைக்குள்ளிருந்தவனும்"னு வருமே, அந்த 'சபை' எக்லேசியாதான், அது சீனாய் அடிவாரக் கூட்டம், அதுல கிறிஸ்தவன் ஒருத்தனும் கெடையாது.

ஆக முதல் நூற்றாண்டுல ஒருத்தன் எக்லேசியான்னு சொன்னா யூதன் காதுல சீனாய் மலை கேக்கும், கிரேக்கன் காதுல ஊர்க்கூட்டம் கேக்கும். இயேசுவ நம்பின சின்னச்சின்ன குழுக்கள் தங்களுக்கு ஒரு பேரு தேடினப்போ அவங்க முன்னாடி வேற வார்த்தைங்களும் இருந்துச்சு. சாமி கும்புடற குழுக்களுக்கு தியாசோஸ்னு ஒரு பேரு, நெறைய கோயில் சங்கத்துக்கு அதுதான் பேரு, அத இவங்க தொடவே இல்ல. சினகோகேயும் இருந்துச்சு, யாக்கோபு நிருபம் ரெண்டாம் அதிகாரத்துல மோதிரம் போட்ட பணக்காரனும் கந்தல் கட்டின ஏழையும் ஒண்ணா உள்ள வர்ற எடத்துல கிரேக்கத்துல சினகோகேன்னுதான் இருக்கு, பழைய தமிழ் பைபிள்காரங்க அத "உங்கள் ஆலயத்தில்"னு போட்டுட்டாங்க. ஆனா அந்த வார்த்தை அதுக்குள்ள யூத ஜெபக்கூட்டத்துக்குன்னு ஒட்டிக்கிச்சு. மிச்சம் இருந்ததுல கம்பீரமா இருந்தது எக்லேசியா.

எவ்ளோ கம்பீரம்னா, கையில இருக்கிற கிறிஸ்தவ எழுத்துலயே ரொம்பப் பழசுன்னு பெரும்பாலான அறிஞர்கள் சொல்றது தெசலோனிக்கேயருக்கு பவுல் எழுதின முதல் லெட்டர், ஏறக்குறைய கி.பி. 50. அதோட முதல் வரிய கிரேக்கத்துல அப்டியே படிச்சா, அனுப்பறவங்க பேரு முடிஞ்சதும் "தெசலோனிக்கேயரோட எக்லேசியாவுக்கு"ன்னு வருது. தெசலோனிக்கே பெரிய நகரம், மக்கெதோனியா மாகாணத்துக்கே தலைநகரம், அந்த ஊர்ல இப்டி ஒரு லெட்டர் வந்தா எவனும் அது நகர மக்கள் மன்றத்துக்கு வந்த அரசாங்க லெட்டர்னுதான் நெனப்பான். அடுத்த வார்த்தைலதான் பவுல் பிரிக்கிறாரு, பிதாவாகிய தேவனுக்குள்ளும் கர்த்தராகிய இயேசு கிறிஸ்துவுக்குள்ளும் இருக்கிற எக்லேசியான்னு. யோசிச்சுப் பாருங்க, அந்த லெட்டர வாங்கினவங்க எங்கயோ ஒரு வீட்டு அறைல நெருக்கி உக்காந்திருந்த கைத்தொழில் ஜனங்க, ஊரோட அசல் எக்லேசியாவுல வாயத் தொறக்க உரிமை இல்லாதவங்களும் அதுல இருந்திருப்பாங்க, அவங்களுக்குப் போயி இந்தப் பேரு. எனக்கு இந்த வார்த்தைக் கதைலயே ரொம்பப் புடிச்ச எடம் இதுதான், எதுக்கு வெளியே அழைச்சாங்கங்கிற அம்புக்குறிய விட இது எவ்வளவோ பெரிய விஷயம்.

பொம்பளைங்க சமாச்சாரம் இதுல ஒரு சிக்கல். ரோமர் 16ல கெங்கிரேயா ஊர் எக்லேசியாவோட ஊழியக்காரி பெபேயாள் வர்றாங்க, பிரிஸ்கில்லாள் ஆக்கில்லா வீட்ல கூடற எக்லேசியா வருது, பிரிஸ்கில்லாள் பேருதான் மொதல்ல, புருஷன் பேரு ரெண்டாவது. ஏதென்ஸ்ல நாடகத்துல மட்டும் நடந்த விஷயம் இங்க நெஜமா நடக்குதுன்னு வெச்சுக்கங்க. ஆனா முதல் கொரிந்தியர் 14ல "சபைகளில் உங்கள் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்"னும் இருக்கு, அதே லெட்டர் 11-ஆம் அதிகாரத்துல பொம்பளைங்க ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலைல முக்காடு போடணும்னு இருக்கு, பேசாம எப்படிங்க தீர்க்கதரிசனம் சொல்றது? அந்த 14-ஆம் அதிகார வரிங்க பின்னாடி யாரோ சேத்ததுன்னு சில அறிஞர்கள் சொல்றாங்க, இல்ல பவுலே எழுதினதுதான்னு சிலர், அந்த வழக்கு இன்னும் முடியல. எது எப்படியோ, பழைய ஊர் எக்லேசியாவோட ஆம்பள வாசம் அந்த வார்த்தைலேர்ந்து சீக்கிரம் போகலங்கிறது மட்டும் தெரியுது.

வார்த்தையும் இந்தக் காலத்துலதான் மெல்ல மாறுது. "நீங்க எக்லேசியாவா கூடும்போது"ன்னு பவுல் சொல்றப்போ அது பழைய அர்த்தம், ஒரு நிகழ்ச்சி. "நான் தேவனோட எக்லேசியாவத் துன்பப்படுத்தினேன்"னு சொல்றப்போ கூட்டம் நடக்காத நேரத்துலயும் அது எக்லேசியாதான், ஆளுங்களே எக்லேசியா ஆயிட்டாங்க, வீடு வீடா போயி இழுத்துட்டு வரலாம். எபேசியர் நிருபத்துக்கு வந்தா உலகம் முழுசுக்கும் ஒரே எக்லேசியா, கிறிஸ்துவோட சரீரம். அது வேற பெரிய கட்டுரை.

எபேசுன்னதும் ஞாபகம் வருது, பழைய அர்த்தத்துலயே இந்த வார்த்தை பைபிள்ல மூணு தடவை வருது, அதுவும் கிறிஸ்தவங்களுக்கு எதிரா நின்ன கூட்டத்துக்கு. லூக்கா எழுதின அப்போஸ்தலர் நடபடிகள் 19-ஆம் அதிகாரம். தெமேத்திரியுன்னு ஒரு வெள்ளித் தட்டான், அர்த்தெமிஸ் தேவிக்கு, தமிழ் பைபிள்ல தியானாள், சின்னச்சின்ன வெள்ளிக் கோயில் செஞ்சு வித்துப் பொழைக்கிறவன், பவுல் பேச்சால வியாபாரம் படுத்துடும்னு தன் தொழில்காரங்களக் கெளப்பி விடறான், ஊரே நாடக அரங்கத்துக்குள்ள பாஞ்சு ஓடுது, அந்த அரங்கம் இன்னைக்கும் துருக்கில இருக்கு, ஏறக்குறைய 25,000 பேரு உக்காரலாம், அதுக்குள்ள ரெண்டு மணி நேரம் "எபேசியருடைய தியானாளே பெரியவள்"னு ஒரே கத்து, எதுக்கு வந்தோம்னே பெரும்பாலான பேருக்குத் தெரியல, லூக்காவே அப்டித்தான் கிண்டலா எழுதியிருக்காரு. அந்தக் கத்தற கும்பலுக்கு லூக்கா போட்ட வார்த்தை எக்லேசியா. கடைசில பட்டணத்துச் சம்பிரதி, அதாவது நகர எழுத்தர், வந்து சமாதானம் பண்றாரு, பிராது இருந்தா கோர்ட்டுக்குப் போங்க, வேற ஏதாச்சும் விஷயம் இருந்தா சட்டப்படி கூடற எக்லேசியால வெச்சுத் தீத்துக்கங்கன்னு சொல்லிட்டு, எக்லேசியாவ கலச்சு அனுப்பறாரு. பழைய தமிழ் பைபிள்ல இங்க சபைன்னு போடல, கூட்டம் மாதிரி வேற வார்த்தைங்கதான் போட்டிருக்கு, அதனால தமிழ்ல மட்டும் படிக்கிறவங்களுக்கு இது அதே வார்த்தைன்னு தெரிய வழியே இல்ல. நாலு சுவிசேஷத்துலயும் சேத்து எக்லேசியா வர்றது மத்தேயுல மட்டுந்தான், ரெண்டே வசனம், "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்"ங்கிறது ஒண்ணு, தப்பு பண்ணவன் சொல்பேச்சு கேக்கலன்னா சபைக்குத் தெரியப்படுத்துங்கிறது இன்னொண்ணு. இயேசு பேசினது அரமேயம், அவரு வாயிலேர்ந்து வந்த வார்த்தை என்னன்னு மத்தேயு குடுக்கல, கிரேக்கத்துல எக்லேசியான்னு குடுத்திருக்காரு.

அந்த முதல் வசனத்துல 'கட்டுவேன்'னு வர்றதால நம்மள்ல பல பேரு மனசுல உடனே செங்கல் சிமெண்டு வந்துடுது. ஆனா எக்லேசியாங்கிறது கட்டடமா ஆக ரொம்ப நாளாச்சு. மொதல் ரெண்டு நூற்றாண்டு முழுக்க வீடுதான். சிரியாவுல யூப்ரட்டீஸ் கரைல தூரா எவ்ரோப்போஸ்னு ஒரு கோட்டை ஊரு, அங்க 1930கள்ல தோண்டினப்போ ஒரு சாதாரண முற்றம் வெச்ச வீடு கெடச்சுது, கி.பி. 240 வாக்குல உள்சுவர ஒண்ணு இடிச்சு ரெண்டு அறைய ஒண்ணாக்கி ஹால் பண்ணியிருக்காங்க, இன்னொரு அறைல ஞானஸ்நானத் தொட்டி, சுவர்ல நல்ல மேய்ப்பன் படம், தண்ணிமேல நடக்கிற படம். 256ல பாரசீகப் படை முற்றுகை போட்டப்போ மதில பலப்படுத்த பக்கத்துல இருந்த வீடுங்கள மண்ணப் போட்டு மூடினாங்க, அதனாலதான் அது அழியாம நமக்குக் கெடச்சுது. சித்தியோட கல்யாண மண்டப மாடிய யாராச்சும் கேலி பண்ணா நான் இந்த வீட்டத்தான் சொல்லுவேன்.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்துலேர்ந்து, அதாவது 4-ஆம் நூற்றாண்டுல, பெரிய பெரிய கட்டடம் எழும்ப ஆரம்பிச்சுது, அப்போ கட்டடத்துக்கு கிரேக்கத்துல இன்னொரு பேரு பொழங்கிச்சு, கிரியாகோன். கிரியோஸ்னா ஆண்டவர், கிரியாகோன்னா ஆண்டவருக்குரியது. புதிய ஏற்பாட்ல இந்த உரிச்சொல் ரெண்டே எடத்துலதான் வருது, கர்த்தருடைய இராப்போஜனம்ங்கிறதுலயும் கர்த்தருடைய நாள்ங்கிறதுலயும், ரெண்டுலயும் கட்டடம் இல்ல. அந்த கிரியாகோன் வடக்க போயி ஜெர்மானிய பாஷைங்கள்ல நொழஞ்சு ஜெர்மன்ல கிர்ஹே, ஸ்காட்லாந்துல கிர்க், இங்கிலாந்துல சர்ச்னு ஆயிடுச்சு. எக்லேசியாவ லத்தீன்காரங்க பெயர்க்காமலே அப்டியே எடுத்துக்கிட்டாங்க, அதுலேர்ந்து பிரெஞ்சுல எக்லீஸ், ஸ்பானிஷ்ல இக்லேசியா, போர்ச்சுகீஸ்ல இக்ரேஜா. போர்ச்சுகீஸ்காரன் கப்பலேறினதால அது பெங்காலில கிர்ஜா, இந்தில கிர்ஜா, இந்தோனேசியாவுல கெரேஜா. கல்கத்தாவுல ஆட்டோக்காரர்கிட்ட கிர்ஜா எங்கன்னு கேக்கிறவங்க ஏதென்ஸ் ஊர்க்கூட்டத்தோட பேரச் சொல்லித்தான் வழி கேக்கிறாங்க.

மேற்குல இந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல நடந்த சண்டை சாதாரணமா போகல. வில்லியம் டிண்டேல் 1526ல ஜெர்மனில வோர்ம்ஸ்ல இங்கிலீஷ் புதிய ஏற்பாட்ட அச்சடிச்சு இங்கிலாந்துக்குள்ள கடத்தினாரு, அதுல எக்லேசியாவுக்கு சர்ச்னு போடாம காங்கிரிகேஷன்னு போட்டாரு, அதாவது கூடிவந்தவங்க. இதுல என்ன வந்துச்சுன்னு நமக்குத் தோணும். ஆனா சர்ச்னா அன்னைக்கு பிஷப்பு, போப்பு, நெலம், கோர்ட்டு, அதிகாரம் எல்லாம் சேந்த ஒண்ணு, "என் சர்ச்சக் கட்டுவேன்"னா அந்த அதிகாரத்துக்கு இயேசுவே கையெழுத்து போட்ட மாதிரி, "என் கூட்டத்தக் கட்டுவேன்"னா அந்தக் கையெழுத்து காணாமப் போயிடுது. இங்கிலாந்து கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் 1529ல இத நேராவே புடிச்சாரு, சர்ச்ச காங்கிரிகேஷன்னும் குருவ மூப்பர்னும் மாத்தினது கெட்ட எண்ணத்தோட பண்ண வேலைன்னு. மோர அவரோட ராஜாவே 1535ல வேற காரணத்துக்குத் தலைய வெட்டினாரு, டிண்டேல 1536ல, இன்னைக்கு பெல்ஜியத்துல இருக்கிற ஒரு ஊர்ல, கழுத்த நெரிச்சு அப்புறம் எரிச்சாங்க. போப்ப எதுத்து சீர்திருத்தத்தத் தொடங்கின லூத்தர் ஜெர்மன்ல கிர்ஹேய விட்டுட்டு கெமைண்டேன்னு, சமூகம்ங்கிற அர்த்தத்துல போட்டாரு, கிர்ஹேங்கிறது குருட்டு வார்த்தைன்னு எழுதியும் வெச்சாரு.

அப்புறம் ஜேம்ஸ் ராஜா புது இங்கிலீஷ் பைபிளுக்கு ஏற்பாடு பண்ணப்போ மொழிபெயர்ப்பாளருக்குக் குடுத்த விதிகள்ல மூணாவதே இதுதான், பழைய வார்த்தைங்க அப்டியே இருக்கணும், குறிப்பா சர்ச்சுங்கிறத காங்கிரிகேஷன்னு போடக்கூடாதுன்னு. 1611ல வந்த அந்த பைபிள்ல எபேசு கலவரத்த எடுத்துப் பாருங்க, வேடிக்கையா இருக்கும். கிரேக்கத்துல எக்லேசியா இருக்கிற மூணு எடத்துலயும் சர்ச் இல்ல, அசெம்ப்ளின்னு இருக்கு, கும்பலப் போயி சர்ச்னு எப்படிப் போடறது. ஆனா அதே பேச்சுல, இவங்க கோயில்ல திருடினவங்க இல்லன்னு நகர எழுத்தர் சொல்ற எடத்துல, எக்லேசியாவே இல்லாத எடத்துல, 'சர்ச்சுகளைக் கொள்ளையடிப்பவர்'னு போட்டிருக்கு. அர்த்தெமிஸ் கோயில் சர்ச் ஆயிடுச்சு! தமிழ்க்காரங்க அங்க கோயில் கொள்ளைக்காரர்னு சரியா போட்டுட்டாங்க.

தமிழ்ல சபைங்கிறது எக்லேசியாவுக்கு அமஞ்ச மாதிரி வேற மொழில அமஞ்சிருக்குமாங்கிறது எனக்கு சந்தேகந்தான். சமஸ்கிருத சபாதான், தமிழ்ல அவைன்னு கரைஞ்சு திருக்குறள்ல அவையறிதல், அவையஞ்சாமைன்னு ரெண்டு அதிகாரமே இருக்கு, ரெண்டும் நாலு பேரு முன்னாடி எழுந்து பேசறதப் பத்தி. சோழர் காலத்துல சபைன்னா ஊராட்சி. உத்திரமேரூர் கோயில் சுவர்ல முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டு ரெண்டு இருக்கு, 30 குடும்புலேர்ந்து, அதாவது ஊரோட 30 வார்டுலேர்ந்து, பேர ஓலைல எழுதி குடத்துல போட்டுக் குலுக்கி ஒரு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்லி வாரியத்துக்கு, அதாவது ஊர் வேலையப் பாக்கிற கமிட்டிக்கு, ஆள் எடுத்தது, யார் நிக்கலாம்னா 35லேர்ந்து 70 வயசு, வரி கட்டற கால்வேலி நெலம், சொந்த வீடு, கணக்குக் காட்டாதவன் நிக்க முடியாது. அது பிராமண ஊரு, அதுக்கு வெளிய இருக்கிறவனுக்கு அந்தக் குடத்துல ஓலை கெடையாது, ஏதென்ஸ் மாதிரியே. ஆக அங்கயும் ஊராட்சி வார்த்தை, இங்கயும் ஊராட்சி வார்த்தை, ரெண்டும் போயி நின்னது ஒரே எடத்துல. இன்னைக்கும் கிராமசபை, சட்டசபைன்னு பேப்பர்ல வருது, அதே பேப்பர்ல சபை ஊழியர் கைதுன்னும் வருது, யாரும் கொழம்பறதில்ல. கட்டட அர்த்தமும் சபைக்குள்ளயே இருக்கு, சிதம்பரத்துல நடராஜர் ஆடறது கனகசபை, அது எடந்தான்.

கத்தோலிக்க பக்கம் முன்னாடி ஒரு 'திரு' சேத்து திருச்சபை ஆக்கிட்டாங்க, 1995ல வந்த பொது மொழிபெயர்ப்புலயும் "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபையைக் கட்டுவேன்"னுதான் இருக்கு. ஒரு எழுத்து ரெண்டெழுத்து விஷயந்தான், ஆனா எனக்கு டிண்டேல் சண்டைதான் ஞாபகம் வரும், 'என் சபை'ன்னா யாரோ ஒருத்தரு நாலு பேரக் கூட்டறாரு, 'என் திருச்சபை'ன்னா உடனே சிம்மாசனம் கண்ணுக்குத் தெரியுது. கிரேக்கத்துல அந்த 'திரு' கெடையாது. அம்மாச்சிகிட்ட இதச் சொன்னப்போ, சாமி காரியத்துக்கு திரு இல்லாம எப்படிப்பான்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டுது.

கிரேக்கத்துல இந்த வார்த்தை இப்ப எப்படி இருக்குன்னும் சொல்லிடறேன். எக்லிசியான்னா இன்னைக்கு அங்க சர்ச், கட்டடமும் சேத்து, ஞாயித்துக்கிழமைக்குப் பேரு கிரியாக்கி. நாடாளுமன்றத்துக்கு வூலின்னு பேரு, அது பழைய ஏதென்ஸ்ல எக்லேசியாவுக்கு நிகழ்ச்சி நிரல் தயார் பண்ணிக் குடுத்த 500 பேர் குழுவோட பேரு. பெரிய கூட்டம் கோயிலுக்குள்ள போயிடுச்சு, கமிட்டி மட்டும் அரசியல்ல தங்கிடுச்சு.

அப்போஸ்தலர் 17ல பவுல் ஏதென்ஸுக்கு, பழைய பைபிள்ல அத்தேனே, வர்றாரு. மார்ஸ் மேடைன்னு ஒரு பாறைக் குன்றுல பேசறாரு, அங்கேர்ந்து ப்னிக்ஸ் குன்று நடந்து போற தூரந்தான், ஏறி நின்னா தெரியும். கேட்டவங்கள்ல கொஞ்ச பேரு சிரிச்சாங்க, கொஞ்ச பேரு இன்னொரு நாள் பாக்கலாம்னாங்க, தியொனீசியுன்னு ஒருத்தரு, தாமரின்னு ஒரு அம்மா, கூட சில பேரு நம்பினாங்க. பவுல் அங்கேர்ந்து கொரிந்துக்குப் போயிடறாரு. தெசலோனிக்கேயருக்கு லெட்டர் இருக்கு, கொரிந்தியருக்கு ரெண்டு இருக்கு, பிலிப்பியருக்கு இருக்கு, ஏதென்ஸுக்கு ஒண்ணு கூட இல்ல, அந்த அதிகாரம் முழுக்கப் பாத்தாலும் எக்லேசியாங்கிற வார்த்தை ஒரு தடவை கூட வரல.